கோட்டை வாசல் தபால்: வாரம் ஒரு பக்கம் சிரிக்க வைத்தவர் நாவல் எழுதினால்...

போன இதழின் கடைசிப் பதிலில், "அமெரிக்க நகைச்சுவைப் பத்தி எழுத்தாளர் டேவ் பேரியின் முதல் நாவலைப் படித்துக்கொண்டிருக்கிறேன், கொஞ்ச நாள் யாரும் தொந்தரவு செய்யாதீர்கள்" என்று எழுதியிருந்தேன். தொந்தரவு செய்யாதீர்கள் என்றால் நம் வட ஆற்காடு ஜில்லாக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று தெரிந்தே எழுதியதுதான். வந்த தபாலில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே. தங்கம் விலை இறங்குமா, பல்லி தலையில் விழுந்தால் என்ன பலன் போன்றவை அடுத்த இதழுக்குத் தள்ளிப்போகின்றன. பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்குமே ஊர் மட்டும்.

குடியாத்தம், கைலிக் கடை வைத்திருக்கும் வாசகி: யார் இந்த டேவ் பேரி? அந்த நாவலில் அப்படி என்னதான் இருக்கிறது? நாலு வரியில் சொல்லுங்கள், கடையில் ஆள் நிற்கிறார்கள்.

டேவ் பேரி 1983-லிருந்து 'மயாமி ஹெரால்ட்' பத்திரிகையில் இருந்தவர். வாரம் ஒரு நகைச்சுவைப் பத்தி எழுதுவார். அதையே அமெரிக்கா முழுக்க நூற்றுக்கணக்கான பத்திரிகைகள் வாங்கிப் போடும். 1988-ல், அமெரிக்கப் பத்திரிகைக்காரர்களுக்குப் பெரிய கௌரவமான புலிட்சர் பரிசு கிடைத்தது. அதற்குள்ளும் அதற்கப்புறமும் புத்தகம் புத்தகமாகப் போட்டார், எல்லாம் கட்டுரை வகை. நாவல் என்று முதன்முதலில் எழுதியது 1999-ல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு. பெயர் 'பிக் டிரபிள்'.

கதை நாலு வரியில் அடங்காது, வாடிக்கையாளரை உட்காரச் சொல்லுங்கள். மயாமியில் கோக்கனட் குரோவ் என்று ஒரு பகுதி. பத்திரிகை வேலையை உதறிவிட்டு ஒற்றை ஆளாக விளம்பரக் கம்பெனி நடத்தி நொந்துபோன ஒருவர் அங்கே இருக்கிறார். அவருடைய பள்ளிக்கூடத்துப் பையன், கூடப் படிக்கும் பெண்ணைத் தண்ணீர்த் துப்பாக்கியால் 'சுட்டு'விட்டு வரும் ஒரு விளையாட்டுக்காக, ராத்திரியில் அவள் வீட்டுத் தோட்டத்தில் ஏறிக் குதிக்கிறான். அதே ராத்திரி அந்த வீட்டுக்காரரை நிஜத் துப்பாக்கியால் சுடுவதற்கு இரண்டு கூலிக் கொலையாளிகளும் வந்து பதுங்கியிருக்கிறார்கள். தோட்டத்து மரத்தின் மேலே வீடுவாசல் இல்லாத ஒருவர் குடியிருக்கிறார். கீழே ஒரு நாய். இத்தனை பேருக்கும் நடுவில் ஒரு சூட்கேஸ் வருகிறது. உள்ளே இருப்பது அணுகுண்டு. அதைத் திருடித் தூக்கிக்கொண்டு திரிகிற மடையர்களுக்கு அது என்ன சாமான் என்றே தெரியாது. மீதி எல்லாம் விமான நிலையத்தில்.

ஆங்கிலம் சரளமாகப் படிப்பீர்கள் என்றால் வாங்கலாம். வசை வார்த்தைகள் தாராளம். கடையில் வாய்விட்டுப் படிக்காதீர்கள்.

ஆரணி, பட்டுத்தறி வாசகர்: வாரத்தில் ஒரு பக்கம் சிரிக்க வைப்பவர் ஒரு முழு நாவலுக்குத் தாக்குப்பிடிப்பாரா? இரண்டும் வேறு வேறு வேலை அல்லவா?

வேறு வேலைதான். எவ்வளவு வேறு என்பதற்கு அவருடைய மிகப் பிரபலமான பத்தியையே எடுத்துக்கொள்வோம்.

1970-ல் ஆரிகன் மாநிலக் கடற்கரையில் செத்துப்போன ஒரு திமிங்கிலம் ஒதுங்கியது. அதை அப்புறப்படுத்தும் பொறுப்பு எப்படியோ நெடுஞ்சாலைத் துறையின் தலையில் வந்து விழுந்தது. அவர்கள் கலந்து பேசி, அரை டன் டைனமைட் வைத்து வெடித்தார்கள். தூள் தூளாகிவிட்டால் கடற்பறவைகள் தின்று தீர்த்துவிடும் என்பது கணக்கு. வானத்திலிருந்து திமிங்கிலக் கொழுப்பு மழையாகக் கொட்டியது. ஒரு பெரிய துண்டு, கால் மைல் தள்ளி நிறுத்தியிருந்த காரின் மேல் விழுந்து அதை நசுக்கியது. பல வருஷம் கழித்து டேவ் பேரி இதைப் பத்தியாக எழுதினார். அவருக்கு ஒரு முத்திரை வாசகம் உண்டு: இது நான் கட்டிவிட்டது இல்லை என்பார். பத்தியில் நாம் சிரிப்பதில் பாதி அதற்காகத்தான். நிஜமாகவே ஒரு துறை உட்கார்ந்து யோசித்து இதைச் செய்ததா என்று வாய் பிளக்கிறோம்.

நாவலில் அந்த வாசகத்துக்கு இடமே கிடையாது. அட்டையிலேயே நாவல் என்று போட்டாயிற்று, எல்லாம் கட்டிவிட்டதுதான். பதினைந்து இருபது வருஷமாகச் சோறு போட்ட ஆயுதத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும்.

இன்னொரு கஷ்டமும் இருக்கிறது, அதுதான் பெரியது. பத்தியில் வேடிக்கையான ஆள் பத்தி எழுதுகிறவர் ஒருவர்தான். மனைவி, மச்சான், மாநகராட்சி எல்லாம் அவர் பேச்சுக்குத் தொட்டுக்கொள்ள. நாவலில் அவர் வாயை மூடிக்கொண்டு சிரிப்பைப் பாத்திரங்களிடம் ஒப்படைக்க வேண்டும். தாங்கள் வேடிக்கையானவர்கள் என்று அந்தப் பாத்திரங்களுக்கே தெரியாமல் இருந்தால் இன்னும் விசேஷம். பத்தி எழுத்தாளரின் முதல் நாவல் கையில் கிடைத்தால் நான் பார்ப்பது இந்த ஒன்றைத்தான்: ஒப்படைத்தாரா, இல்லை, ஒவ்வொரு பாத்திரத்தின் முதுகுக்குப் பின்னாலும் நின்றுகொண்டு அவரே பேசுகிறாரா?

டேவ் பேரி பாதி இடங்களில் ஒப்படைத்திருக்கிறார். அந்த நாயைப் பாருங்கள். அதற்கு வைக்கும் சாப்பாட்டுத் தட்டில் ஒரு பெரிய விஷத் தேரை வந்து உட்கார்ந்துகொள்கிறது. புளோரிடாவில் நிஜமாகவே உள்ள ஜாதி, வெளியிலிருந்து வந்து பரவியது, கவ்வுகிற நாய்க்கு உயிரே போகலாம். நாய் குரைக்கிறது. தேரை அசையவில்லை. அணுகுண்டு வெடிக்குமா, ஊர் பிழைக்குமா என்று மனிதர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதும் நாய்க்கு உலகத்தில் ஒரே பிரச்சினை அந்தத் தட்டு. அங்கே ஆசிரியர் தன் பங்குக்கு எதுவும் சேர்ப்பதில்லை. எனக்குப் புரையேறியது அந்த இடத்தில்தான்.

மரத்து மேல் குடியிருப்பவரும் அப்படியே. அவர் மயாமிக்கு வந்து சேர்ந்த கையோடு ஒருவர் கூட்டிக்கொண்டு போய், காசு கொடுத்து, வேறு வேறு பெயர்களில் ஓட்டுப் போட வைக்கிறார். நல்ல ஊராக இருக்கிறதே, வந்த உடனே வேலை கிடைக்கிறதே என்று அவருக்குச் சந்தோஷம். இதற்குப் பின்னால் ஒரு நிஜம் உண்டு. 1997-ல் நடந்த மயாமி மேயர் தேர்தலில் தபால் ஓட்டுகளில் மோசடி நடந்தது என்று தீர்மானித்து, 1998-ல் கோர்ட்டே முடிவை மாற்றியது. பத்தியாக இருந்தால் டேவ் பேரி அதை விவரமாக எழுதி, நான் கட்டிவிட்டது இல்லை என்று முடித்திருப்பார். நாவலில் ஓட்டுப் போட்டவரின் சந்தோஷத்தை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். இரண்டாவது வழி எனக்கு அதிகம் பிடிக்கிறது.

மற்ற இடங்களில் பழைய தொழில் விடவில்லை. விமான நிலையம் வந்ததும் கதை கொஞ்சம் ஓரமாக நிற்க, அந்த நிலையத்தின் லட்சணத்தை அவரே விவரிக்க ஆரம்பித்துவிடுகிறார். நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியே கத்தரித்து எடுத்து ஞாயிற்றுக்கிழமைப் பத்தியாகப் போட்டுவிடலாம். அதுதான் குறை.

முதல் நாவலிலேயே முழுசாக ஒப்படைத்த ஆள் என்றால் டிக்கன்ஸ். அவரும் பத்திரிகைக்காரர், 'பாஸ்' என்ற புனைபெயரில் லண்டன் தெருக்காட்சிகளை எழுதிப் பெயர் வாங்கியவர். 1836-ல், 24 வயதில், 'பிக்விக் பேப்பர்ஸ்' மாதத் தொடராக ஆரம்பித்தது. முதலில் விற்பனை நொண்டியது. சில மாதங்களில் சாம் வெல்லர் என்று ஒரு ஆள் வருகிறான், சத்திரத்தில் பூட்ஸ் துடைக்கிறவன். அவன் பேச ஆரம்பித்தான், விற்பனை ஏற ஆரம்பித்தது, கடைசியில் 40,000 பிரதிவரை போயிற்று. தன்னைவிட வேடிக்கையாகப் பேசும் ஒருவனைத் தன் கதைக்குள் விட ஆசிரியருக்குப் பெரிய மனசு வேண்டும். பத்தி எழுதுகிறவர்களுக்கு அது சுலபத்தில் வராது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வாலாஜாபேட்டை, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்: நீங்கள் எழுதியதைப் பார்த்து, மகனிடம் இருந்த பிரதியை எடுத்தேன். 40 பக்கம் போனேன். பக்கத்துக்கு ஒரு புது ஆள் வருகிறார். யார் யாருடைய ஆள் என்றே பிடிபடவில்லை. சிரிப்பும் வரவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

மறுபடி திறங்கள் சார். நான் ஒரு காலத்தில் அச்சகத்தில் புரூஃப் பார்த்து வயிறு வளர்த்தவன். நாவல் வந்தால் முதல் வேலையாக, வருகிற பெயர்களை எல்லாம் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஃபாரத்தோடு குத்தி வைத்துக்கொள்வேன். 12-ஆம் பக்கத்தில் ராமசாமியாக இருந்தவர் 90-ஆம் பக்கத்தில் ராமசந்திரனாக ஆகிவிடுவார், அதைப் பிடிப்பதற்கு. இந்தப் புத்தகத்துக்கும் அதே வைத்தியம்தான். கொலைக்கு வந்தவர்கள் இரண்டு பேர், திருட வந்தவர்கள் இரண்டு பேர், ரோந்து போலீஸ் இரண்டு பேர், பெரிய போலீஸ் இரண்டு பேர் என்று ஜோடி ஜோடியாக எழுதிவிட்டால் குழப்பம் தீர்ந்தது. கணக்கு வாத்தியாருக்கு இதைச் சொல்ல வேண்டுமா?

சிரிப்பு வராததற்குக் காரணம் வேறு. பத்தி படிக்கிறவருக்கு மூன்றாவது வரியில் சிரிப்பு வந்துவிட வேண்டும். அந்தப் பழக்கத்தோடு இதைத் திறந்தால் ஏமாற்றம்தான். இந்த ஜாதிக் கதையில் முதல் பாதி முழுக்க முடிச்சுப் போடுவார்கள். யாரோ கதவைப் பூட்டாமல் போவார், யாரோ துப்பாக்கியை மேஜையில் மறந்து வைப்பார். அப்போது அது வேடிக்கையே இல்லை. 150 பக்கம் கழித்துத்தான் அதன் பலன் தெரியும். அதனால் முதல் பாதியைச் சாயங்காலத்துக்கு ஓர் அத்தியாயமாகப் படியுங்கள். பாதி தாண்டியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை ஒதுக்கி ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள். நடுவில் காபிக்கு எழுந்தால்கூட வேகம் போய்விடும்.

ஆற்காடு, மக்கன்பேடா பக்தர் என்று கையெழுத்திட்டவர்: சிரிப்புக்குக்கூட அமெரிக்காவுக்குப் போக வேண்டுமா? நம் பக்கத்தில் ஆளே இல்லையா?

உங்கள் பக்கத்திலேயே இருந்தார்! ஆசிரியர் சாவி வட ஆற்காட்டு மாம்பாக்கத்தில் பிறந்தவர். 1963-ல் விகடனில் அவர் எழுதிய 'வாஷிங்டனில் திருமணம்' படிக்காத வீடு அந்தக் காலத்தில் கிடையாது. ராக்ஃபெல்லர் சீமாட்டி ஆசைப்பட்டார் என்பதற்காக, நம்மூர்க் கல்யாணம் ஒன்று சாஸ்திரிகள், அப்பளம் இடும் பாட்டிமார் சகிதமாக விமானம் ஏறி அமெரிக்கா போகிறது. படங்கள் கோபுலு. அதில் கவனிக்க வேண்டியது, கதைக்குள் இருக்கும் ஒருவருக்கும் இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றாது. எல்லோரும் கல்யாண வேலையில் மும்முரமாக இருப்பார்கள். மேலே சொன்னேனே, ஒப்படைப்பது என்று, அது இதுதான்.

இன்னொருவர் எஸ்.வி.வி. திருவண்ணாமலையில் வக்கீல். முதலில் 'ஹிந்து'வில் இங்கிலீஷில் நகைச்சுவை எழுதிக்கொண்டிருந்தவர், பிறகு விகடனில் தமிழில் எழுத வந்தார். அவர் கதைகளில் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வதைப் படித்தால், கட்சிக்காரர்கள் சொன்னதை எல்லாம் கோர்ட்டில் எவ்வளவு உன்னிப்பாகக் காதில் வாங்கியிருப்பார் என்று தோன்றும். வக்கீல் தொழிலில் வருமானம் எப்படியோ, வசனம் நிறையக் கிடைத்திருக்கிறது.

நம்மவர்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே நாவல் என்றாலே வாரத் தொடர்தான். பத்தி எழுதியவர் பத்தி எழுதுகிற அதே நாளில், அதே ஆசிரியருக்கு, அதே நாலு பக்கம் கொடுத்தால் போதும். அத்தியாயத்துக்கு அத்தியாயம் சிரிப்பும் வேண்டும், 'தொடரும்' போட ஒரு கொக்கியும் வேண்டும். பக்கத்து அறைக்குப் போவது மாதிரிதான். அமெரிக்காவில் டேவ் பேரி மாதிரி ஒருவர் பத்தியிலிருந்து நாவலுக்குப் போனால், வாசகர் கடிதம் இல்லாமல், அடுத்த வாரம் சரிசெய்துகொள்ளலாம் என்ற தைரியம் இல்லாமல், மொத்தத்தையும் தனியாக உட்கார்ந்து எழுதி முடிக்க வேண்டும். அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் அவருக்கு மார்க் போட வேண்டும்.

ஆனால் வாரத் தொடர் இருந்தும் எல்லோரும் சிரிப்பு நாவலுக்குப் போகவில்லை. விகடனில் நகைச்சுவைக் கட்டுரைகளால் பெயர் வாங்கியவர் கல்கி. 1937-ல் அவர் எழுதிய தொடர்கதை 'கள்வனின் காதலி'. படித்தவர்களுக்குத் தெரியும், கடைசியில் கைக்குட்டை தேட வேண்டியிருக்கும். சிரிக்க வைத்தவர் நாவல் என்று வந்ததும் அழ வைக்கப் போய்விட்டார். ஏன் என்று யாராவது ஆராய்ச்சி செய்தால் நல்லது.

திருவண்ணாமலை வாசகர்: நீங்கள் இன்னும் 'வட ஆற்காடு' என்றே எழுதுகிறீர்கள். 1989-லேயே எங்களைப் பிரித்தாயிற்று.

தெரியும். அப்புறம் மீதி இருந்ததையும் 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாக்கியாயிற்று. உங்களைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, எஸ்.வி.வி.யை மட்டும் பொதுவில் வைத்துக்கொள்வோம்.

அரக்கோணம், ஓய்வுபெற்ற தலைமைக் காவலர்: சினிமாவானாலும் கதையானாலும் காமெடி என்றால் தொப்பை போலீஸ்தான். உங்கள் அமெரிக்காக்காரரும் அப்படித்தானே?

இல்லை ஐயா, இந்த விஷயத்தில் நீங்கள் அவரை மன்னித்துவிடலாம். ரோந்து சுற்றும் ஜோடியில் அந்தப் பெண் போலீஸ்தான் கதையிலேயே சுயபுத்தியோடு நடந்துகொள்ளும் மிகச் சில பேரில் ஒருவர். முட்டாள்தனத்துக்கு மொத்தக் குத்தகை எடுத்திருப்பது திருடர்கள். அது மட்டும் இல்லை, கூலிக்குக் கொலை செய்ய நியூஜெர்சியிலிருந்து வந்த இரண்டு பேரும் தொழிலில் ரொம்ப ஒழுங்கானவர்கள். மயாமியில் எதைத் தொட்டாலும் கோணலாகப் போவதைப் பார்த்து, இப்படியும் ஒரு ஊரா என்று அலுத்துக்கொள்கிறார்கள். கொலைகாரர்களே ஊர் கெட்டுப்போச்சு என்று புலம்பினால் எப்படி இருக்கும், பாருங்கள்.

சத்துவாச்சாரி வாசகி: அணுகுண்டு, விமானம் என்கிறீர்கள். அதை வைத்துச் சிரிக்க முடியுமா? எனக்கு ஒப்பவில்லை.

நாவல் வந்தது 1999-ல் என்பதை நினைவில் வையுங்கள். அதைப் படமாக்கியவர் பாரி சொன்னென்ஃபெல்ட். படம் 2001 செப்டம்பரில் திரைக்கு வர வேண்டியது. அந்த மாதம் 11-ஆம் தேதி நியூயார்க்கில் நடந்ததற்கு அப்புறம், வெடிகுண்டோடு விமானம் ஏறுகிற காமெடியை யார் பார்ப்பார்கள்? தள்ளி வைத்து 2002 ஏப்ரலில் வெளியிட்டார்கள், போன சுவடு தெரியவில்லை. புத்தகத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, ஆனால் விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் ஆட்கள் அசட்டையாக விட்டுவிடுகிற பக்கங்களை இப்போது படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. உங்களுக்கு ஒப்பவில்லை என்றால் அது உங்கள் ரசனையின் குற்றம் இல்லை. நாய் வரும் பக்கங்களை மட்டும் படித்துவிட்டு வைத்துவிடுங்கள்.

காட்பாடி, கல்லூரி மாணவர்: கல்லூரி இதழில் நகைச்சுவைப் பக்கம் எழுதுகிறேன். எல்லோரும் பாராட்டுகிறார்கள். வேலூரை வைத்து ஒரு நகைச்சுவை நாவல் எழுத ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

தம்பி, எங்கே ஆரம்பிக்கக் கூடாது என்று முதலில் சொல்கிறேன். "நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, மன்னனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில்" என்று நம் ஊரைப் பற்றி ஒரு கேலி உண்டல்லவா, அதில் ஆரம்பிக்காதீர்கள். (அந்தப் பட்டியலில் பெண்களைப் பற்றி ஒரு வரி வரும். எங்கள் வீட்டில் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள், அதனால் எனக்கு அது தெரியாது.)

இது பத்திக்கு ஏற்ற ஜோக். சொன்ன உடனே சிரிப்பு வரும், ஆனால் உள்ளே ஆள் இல்லை. அதோடு, இந்த மாதிரி ஜோக்கை ஊரே கவிழ்த்துவிடும். சாமியில்லாத கோயில் என்றார்கள். சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981-ல் கொண்டுவந்து கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் வைத்துவிட்டார்கள். நீரில்லாத ஆறு என்றார்கள். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் அடைத்துக்கொண்டு போனதை நீங்களே பாலத்தின் மேல் நின்று செல்போனில் படம் எடுத்திருப்பீர்கள். மன்னனில்லாத கோட்டை என்பது ஆரம்பத்திலிருந்தே பொய். திப்பு சுல்தானின் குடும்பத்தை வெள்ளைக்காரன் இங்கேதான் அடைத்து வைத்தான், கண்டியின் கடைசி ராஜா கைதியாகவே இருந்து 1832-ல் இங்கேதான் கண்ணை மூடினார். மன்னர்களுக்குப் பஞ்சமே இல்லை, அவர்களுக்கு வேலைதான் இல்லை. இன்று பாக்கி நிற்பது மரமில்லாத மலை ஒன்றுதான். வனத்துறை கன்று நட்டுக்கொண்டிருக்கிறது.

அப்போது எங்கே ஆரம்பிப்பது? காந்தி ரோட்டுக்குப் போங்கள். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிற வங்காளத்துக் குடும்பங்களுக்காக லாட்ஜ் போர்டுகளில் வங்காள எழுத்து இருக்கும். வைத்தியம் முடிய நாளாகும் என்பதால் ரூமிலேயே சமைத்துக்கொள்ள அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். அப்படி ஒரு லாட்ஜ், அதற்கு ஒரு மேனேஜர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேனேஜர் சுத்த சைவம். முதலாளியோ அதற்கும் மேலே. ரூமில் மீன் சமைத்தால் வேலை போய்விடும் என்று சொல்லிவைத்திருக்கிறார். இரண்டாவது மாடியில் கொல்கத்தாக்காரர் ஒருவர். மனைவிக்கு மறுநாள் ஆபரேஷன். அவள் கேட்டது ஒரு வாய் மீன் குழம்பு. அவர் மேனேஜரின் கையைப் பிடித்துக்கொள்கிறார். மேனேஜருக்கு மனசு கேட்கவில்லை. இருந்திருந்து தானே போய் மீன் வாங்கி வருகிறார், வாழ்க்கையில் முதல் தடவை. கெண்டையா கெளுத்தியா என்று கடைக்காரர் கேட்கிறார், இவருக்குத் தெரியவில்லை, "நோயாளிக்கு" என்கிறார். குழம்பு கொதிக்கும் நேரம் பார்த்து, ஒருநாளும் சாயங்காலத்தில் வராத முதலாளி வாசலில் வந்து செருப்பைக் கழற்றுகிறார். சட்டியை எங்கே ஒளிப்பது? வரவேற்பு மேஜைக்குப் பின்னால் இருக்கிற ஒரே மறைவு, முதலாளி தினமும் கற்பூரம் காட்டுகிற சாமி அலமாரி.

இங்கே நீங்கள் ஒரு ஜோக்கும் அடிக்கக் கூடாது. ஆளாளுக்கு ஒன்று வேண்டியிருக்கிறது: ஒருவருக்கு வேலை, ஒருவருக்கு மனைவியின் ஆசை, ஒருவருக்கு ஆசாரம். யாரும் கெட்டவர் இல்லை. அதுபாட்டுக்கு நடக்கும். முதலாளிக்கு ஜலதோஷம் என்று மட்டும் எழுதித் தப்பித்துவிடாதீர்கள், அதோடு நாவல் முடிந்தது. அவருக்கு மூக்கு மிகக் கூர்மையாக இருக்க வேண்டும்.

வெயிலும் அப்படித்தான். "எங்கள் ஊரில் கோழி அவித்த முட்டைதான் போடும்" என்று உங்கள் கல்லூரி இதழில் எழுதுங்கள், கை தட்டுவார்கள். நாவலில் மே மாதம் மத்தியானம் 2 மணிக்குக் கரண்ட் போனதும் லாட்ஜில் தங்கியிருப்பவர்கள் எல்லோரும் வராந்தாவுக்கு வந்து உட்கார வேண்டும். வந்தால் ஒருவரை ஒருவர் பார்த்தாக வேண்டும், பேசியாக வேண்டும். வெயில் செய்ய வேண்டிய வேலை அது.

பேச்சு மொழியில் இன்னொரு எச்சரிக்கை. நம் ஊர்ப் பேச்சை எழுதினாலே சிரிப்பு வந்துவிடும் என்று சினிமாக்காரர்கள் நினைக்கிறார்கள். "தோ வந்துகினே கீறேன்" என்பவர் யாரையும் சிரிக்க வைக்கச் சொல்லவில்லை, பஸ்ஸை நிறுத்தச் சொல்கிறார். பஸ் நின்றதா இல்லையா என்பதை எழுதுங்கள்.

எழுதிய பிறகு ஒரு சோதனை. ஒவ்வொரு சிரிப்பு வரிக்கும் பக்கத்தில், இதைச் சொல்வது யார் என்று பென்சிலால் குறியுங்கள். 'நான்' என்று அடிக்கடி வந்தால் அதைக் கல்லூரி இதழுக்கே கொடுத்துவிடுங்கள். அங்கேயும் பக்கம் நிரம்ப வேண்டுமே. முதல் 3 அத்தியாயம் தயாரானதும் அனுப்புங்கள். சிவப்பு மை பாட்டில் இன்னும் வைத்திருக்கிறேன்.

சோளிங்கர் வாசகர்: அந்த மயாமி பத்திரிகையில் வேறு யாரும் இப்படி நாவல் எழுதவில்லையா?

எழுதினார், டேவ் பேரிக்கு முன்னாலேயே. கார்ல் ஹையாசன், அதே பத்திரிகையில் பத்தி எழுத்தாளராக இருந்தவர். தனியாக அவர் எழுதிய முதல் நாவல் 1986-ல் வந்தது. அதில் சுற்றுலாப் பயணிகளைப் பயமுறுத்தி விரட்டுவதற்காகக் கொலை வரைக்கும் போகிற கும்பலின் தலைவர் யார் தெரியுமா? ஒரு பத்தி எழுத்தாளர். என் பத்திரிகை ஆசிரியருக்கு அந்தப் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறேன். அதிலிருந்து என் பக்கத்தில் கை வைப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆம்பூர் வாசகர்: புத்தகத்தை இரவல் தருவீர்களா? பதிலுக்குப் பிரியாணி அனுப்புகிறேன்.

புத்தகம் இப்போது எதிர்வீட்டு வாத்தியாரிடம் இருக்கிறது. சிரிப்புச் சத்தம் இன்னும் கேட்கவில்லை, முதல் பாதியில் இருக்கிறார் போல. அவர் முடித்ததும் உங்களுக்கு. பிரியாணி முன்பணமாக வந்துவிட வேண்டும். கத்திரிக்காயைத் தனிப் பொட்டலமாகக் கட்டச் சொல்லுங்கள், வழியில் சாதத்தில் ஊறிவிடுகிறது.